தாத்தாவின் சைக்கிளுக்கு என்ன நிறம்?

பழைய சைக்கிளுக்குச் சாயம் அடிக்கப் போகிறேன் என்று சொல்லும் மாணவர் எவரும் முதலில் கேட்பது, "என்ன நிறம் நல்லா இருக்கும்?" என்பதுதான். என்னைக் கேட்டால், அது மூன்றாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி.

நீலாய், மந்தின், லாபு பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்களின் வீட்டில் இன்றும் ஒரு கறுப்புச் சைக்கிள் எங்காவது சாய்ந்து கிடக்கும். விடியும் முன்பே பால்மரக் காட்டுக்குப் போனது, பால் வாளியைச் சுமந்து ஸ்டோருக்கு வந்தது, சம்பள நாளில் நீலாய் கடைத்தெருவுக்குப் போனது எல்லாம் அதுதான். தோட்டங்கள் போய் வீடமைப்புப் பகுதிகளும் கல்லூரிகளும் வந்துவிட்டன. சைக்கிள் மட்டும் கொல்லைப்புறத்தில் இருக்கிறது. உங்களில் சிலர் அதை எடுத்து ஓட்ட ஆசைப்படுகிறீர்கள். மிக நல்லது. ஆனால் ஸ்பிரே டப்பா வாங்கும் முன் கொஞ்சம் பொறுங்கள்.

முதல் கேள்வி, பழைய சாயத்தில் என்ன இருக்கிறது? முன்பெல்லாம் பளிச்சென்ற மஞ்சள் நிறத்துக்குக் காரீயக் குரோமேட்டையும், துருவைத் தடுக்கும் செந்நிற அடிச்சாயத்துக்குக் காரீய ஆக்சைடையும் கலந்தார்கள். எல்லாப் பழைய சைக்கிளிலும் காரீயம் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் எதில் இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. உடலுக்குத் தீங்கில்லாத காரீய அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. அதிலும் வயிற்றுக்குள் போகும் காரீயத்தைச் சிறு குழந்தைகளின் உடல், பெரியவர்களின் உடலைவிட 4, 5 மடங்கு அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும். நீங்கள் ஐந்தடியில் உட்கார்ந்து உலர்ந்த மணல்தாளால் பரபரவென்று தேய்க்கும்போது, பக்கத்தில் நின்று வேடிக்கை பார்ப்பது உங்கள் தம்பியோ தங்கையோதான். அந்தத் தூசு தரையில் படியும். அவர்கள் கையில் ஒட்டும். கை வாய்க்குப் போகும்.

ஆகவே ஈரத்தில் தேய்க்கும் மணல்தாளை வாங்குங்கள். தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் தூசு பறக்காது, சேறாக வழியும். கீழே பிளாஸ்டிக் விரிப்பு, முகத்துக்குக் கவசம், வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுதல். சேற்றைத் துணியால் துடைத்து, விரிப்போடு சுருட்டிக் கட்டி அப்புறப்படுத்துங்கள்; சாக்கடையில் ஊற்ற வேண்டாம். நெருப்புக் காட்டிச் சாயத்தை உரிக்கும் வித்தையை மட்டும் யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

இரண்டாவது கேள்வி, துரு எவ்வளவு ஆழம் போயிருக்கிறது? இரும்பு துருவாக மாறும்போது முன்பு இருந்ததைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். சாயம் கொப்புளம் கொப்புளமாய் எழும்புவது அதனால்தான். பால் சுமந்த சைக்கிளில் பின் கேரியரை ஒருமுறை உற்றுப் பாருங்கள். பாலை உறைய வைக்க ஃபார்மிக் அமிலம் பயன்படுத்துவார்கள். அது சிந்திய இடத்தில் இரும்பு என்ன பாடுபடும் என்பதை வேதியியல் படிப்பவர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு நாணயத்தால் குழாயைத் தட்டிக்கொண்டே வாருங்கள். கணீரென்று ஒலித்த குழாய் ஓரிடத்தில் சொத்தையாக ஒலித்தால், உள்ளிருந்தே அரித்துவிட்டது என்று சந்தேகப்படலாம். பெடல் பொருத்திய மூட்டுக்கு மேலே இது அதிகம் நடக்கும். இருக்கைத் தண்டு வழியே இறங்கும் மழைநீர் அங்கேதான் தேங்குகிறது. அப்படிப்பட்ட சட்டத்துக்குச் சாயம் அடிப்பது உடைந்த காலுக்கு மருதாணி இடுவது போல. பட்டறைக்காரரிடம் காட்டி, அவர் ஓட்டலாம் என்றால் மட்டும் மேற்கொண்டு போங்கள்.

சட்டம் உறுதியாக இருந்தால், அடிச்சாயம். இரும்பாணியில் மக்னீசியம், துத்தநாகம், வெள்ளீயம், செம்பு ஆகியவற்றைச் சுற்றி வைக்கும் பரிசோதனையைச் செய்திருப்பீர்கள். துத்தநாகம் சுற்றிய ஆணியைச் சுற்றி நீலம் தோன்றவில்லை, இல்லையா? இரும்புக்குப் பதிலாகத் துத்தநாகம் தன் எலெக்ட்ரான்களைக் கொடுத்துக் கரைந்தது. கடையில் துத்தநாகம் மிகுந்த அடிச்சாயம் என்று கேட்டு வாங்குகிறீர்களே, அது அதே ஆணிதான். ஆனால் துத்தநாகம் இரும்பைத் தொட வேண்டும். பழைய சாயத்தின் மேலேயே பூசினால் காசு வீண்.

இப்போது நிறத்துக்கு வருவோம். நான் பார்க்கும் பாதிப் பேர் சிவப்பைத் தேர்ந்தெடுக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பகலில் நம் கண் மிக நன்றாக உணர்வது 555 நானோமீட்டர் அளவிலான மஞ்சள் கலந்த பச்சையை. இருட்டத் தொடங்கும்போது கண்ணின் வேறு வகை செல்கள் வேலையை எடுத்துக்கொள்கின்றன. அவற்றின் உச்சம் 507 நானோமீட்டர். அதாவது கண்ணின் விருப்பம் நீலத்தின் பக்கம் நகர்கிறது, சிவப்பு கறுத்துப்போகிறது. செக் அறிஞர் புர்க்கின்யே சுமார் 200 ஆண்டுகளுக்கு முன்பே இதைக் கவனித்தார். பகலில் பளபளத்த சிவப்புப் பூக்கள் அரை இருட்டில் கருமையாய்த் தெரிந்தன. டியூஷன் முடிந்து மாலை ஏழரைக்கு நீங்கள் வீடு திரும்பும் நேரமும் அதுதான். வெயிலில் மினுங்கிய உங்கள் சிவப்புச் சைக்கிள், பின்னால் வரும் லோரி ஓட்டுநருக்குக் கிட்டத்தட்ட கறுப்பு.

அப்படியானால் மஞ்சளோ வெள்ளையோ அடித்துவிடலாமே என்பீர்கள். நானும் சில காலம் முன்பு வரை அப்படித்தான் சொல்லி வந்தேன். ஆனால் தாத்தா ஓட்டிய கறுப்பை மறைக்க மனம் வராது என்று ஒரு படிவம் நான்கு மாணவர் என்னிடம் வாதாடினார். அவர் வீட்டுச் சைக்கிளைக் காட்டியபோதுதான் நான் ஒன்றைக் கவனித்தேன். பின்சக்கர மட்கார்டின் வால் பகுதியில், அழுக்குக்கு அடியில் ஒரு வெள்ளைப் பட்டை. அழகுக்காக அடித்தது என்று அவர் நினைத்திருந்தார். இல்லை. 1930களில் இருட்டில் சைக்கிளோட்டிகள் அடிபடுவது பெருகியபோது, பின்புறம் வெள்ளைப் பட்டை வேண்டும் என்று பிரிட்டனில் விதி வந்தது. அங்கிருந்து மலாயாவுக்கு வந்த கறுப்புச் சைக்கிள்களும் அந்த வெள்ளை வாலோடுதான் வந்தன.

ஆகவே என் கருத்தை மாற்றிக்கொண்டேன். சட்டம் கறுப்பாகவே இருக்கட்டும், தடையில்லை. அந்த வாலை மட்டும் சுரண்டிச் சுத்தம் செய்து, முதல் வேலையாக வெள்ளை அடியுங்கள். அதன்மேல் ஒரு சிவப்பு ரிஃப்ளெக்டரைப் பொருத்துங்கள். சாயம் தன்மேல் விழும் ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிக்கும். ரிஃப்ளெக்டரோ காரின் விளக்கொளியை வந்த வழியே, அந்த ஓட்டுநரின் கண்ணுக்கே திருப்பி அனுப்பும். இருட்டில் அதன் சிவப்புத் தெரிவது இந்தக் காரணத்தால்தான். ஸ்பிரே டப்பாவோடு ஒப்பிட்டால் அதன் விலையும் அதிகமில்லை. டைனமோ விளக்கு இன்னும் எரிகிறதா என்பதையும் அப்படியே ஒருமுறை சுற்றிப் பார்த்துவிடுங்கள்.