கூட்டு வாடகையும் கூடாத கூட்டும்

எங்கள் ஜவ்வாது மலையிலிருந்து படித்துவிட்டு வேலைக்கு இறங்கும் பிள்ளைகள் இப்போது அதிகம். ஜமுனாமரத்தூரில் பஸ் ஏறினால் போளூர். அங்கிருந்து சென்னை, ஓசூர், பெங்களூரு. போன இடத்தில் தனி வீடு கட்டுப்படியாகாது. மூன்று நாலு பேர் சேர்ந்து ஒரு பிளாட் எடுக்கிறார்கள். அட்வான்ஸைப் பங்கு போட்டுக் கட்டுகிறார்கள். அந்தப் பங்கு, இங்கே பெற்றவர் சாமை விற்றோ, மாடு விற்றோ, தோட்டை அடகு வைத்தோ அனுப்பிய பணம்.

ஆறு மாதத்தில் போன் வரும். ஒருவன் வாடகைப் பங்கு தருவதில்லை. இன்னொருவன் ராத்திரி இரண்டு மணி வரை கூட்டம் சேர்க்கிறான். அவன் சிநேகிதன் ஒருவன் நாலு நாள் என்று வந்து மூன்று மாதமாக ஹாலில் படுத்திருக்கிறான். ஒண்டவந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதைதான். இதற்கு நம் வயதுக்காரர்கள் சொல்லும் பதில் ஒன்றே: "கொஞ்சம் அனுசரிச்சுப் போப்பா."

எனக்கு இந்தப் பதிலில் சம்மதமில்லை. எச்சில் தட்டைக் கழுவாதவனை, விளக்கை அணைக்காதவனை அனுசரிக்கலாம். பணம் தராதவனையும் கை ஓங்குகிறவனையும் அனுசரிக்கச் சொல்வது பிள்ளையைக் கடனில் தள்ளுவது. காரணம் சட்டத்தில் இருக்கிறது.

1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், 43-ஆம் பிரிவு. பலர் சேர்ந்து ஒரு வாக்குக் கொடுத்தால், வேறு மாதிரி எழுதிக்கொள்ளாத வரை, அவர்களில் யார் ஒருவரிடமும் முழுத் தொகையையும் கேட்கலாம். மூன்று பேர் சேர்ந்து 3,000 ரூபாய் தருவதாகச் சொன்னால் ஒருவரிடமே 3,000-மும் வாங்கலாம் என்று அந்தச் சட்டமே உதாரணம் காட்டுகிறது. கட்டியவர் மற்றவர்களிடம் பங்கு கேட்கலாம். அது அவர் பாடு. ஆக, நாலு பேரும் கையெழுத்துப் போட்ட வீட்டில் மூன்று பேர் கைவிரித்தால் வீட்டுக்காரர் நம் பிள்ளையைத்தான் பிடிப்பார். நல்லவன் என்பதால் முதலில் அவனைத்தான் பிடிப்பார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ராத்திரியில் கிளம்பினாலும் கையெழுத்து அங்கேயே இருக்கும்.

புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் ஆனதால், அந்த நாட்டில் என்ன ஏற்பாடு என்று பார்த்தேன். அங்கே இதற்குக் 'கொலொகசியோன்' என்று பெயர். 2014-இல் அவர்கள் வாடகைச் சட்டத்தில் ஒரு விதி சேர்த்தார்கள். ஒருவர் முறையாக நோட்டீஸ் கொடுத்து விலகி, அவர் இடத்தில் புது ஆள் ஒப்பந்தத்தில் சேர்ந்தால் பழையவரின் கூட்டுப் பொறுப்பு தீர்ந்தது. ஆள் வராவிட்டாலும், நோட்டீஸ் காலம் முடிந்து ஆறு மாதத்துக்கு மேல் அவரை இழுக்க முடியாது. வீட்டுக்காரருக்கும் பாதுகாப்பு, போகிறவனுக்கும் ஒரு முடிவு. நம் ஊரிலும் இப்படி ஒரு விதி வேண்டும் என்பது என் கருத்து.

தமிழ்நாட்டில் 2017-இல் இயற்றி 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் உள்ள வாடகைச் சட்டம், ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாகவேண்டும் என்கிறது. "பதினொரு மாதந்தானே, பதிவு எதற்கு" என்ற பேச்சு இங்கே செல்லாது. வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது என்றும் இருக்கிறது. ஆனால் கூட்டாக எடுத்தவர்களில் ஒருவர் மட்டும் விலகினால் என்ன என்பதற்குப் பிரெஞ்சுக்காரர்களுடையது போல ஒரு கெடு இல்லை.

அது வரும்வரை நம் பாதுகாப்பு காகிதந்தான். வருஷக்கணக்காகப் பைல் பார்த்த குமாஸ்தா சொல்கிறேன், வாய்ப்பேச்சு பைலில் ஏறாது. குடிபோகும்போதே அவரவர் பங்கு இன்னது, விலகுவதானால் ஒரு மாதம் முன்னால் சொல்லவேண்டும், அட்வான்ஸ் பங்கை யார் தருவது என்று தங்களுக்குள் ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போடட்டும். ஒருவர் பங்குக்கு மேல் கேட்கக்கூடாது என்று வீட்டுக்காரர் ஒப்பந்தத்திலேயே எழுதச் சம்மதித்தால் இன்னும் நல்லது. விலகும்போது வீட்டுக்காரருக்கும் மற்றவர்களுக்கும் கடிதம். புது ஆள் பெயரில் வீட்டுக்காரர் எழுதித் தரும் ஒப்பந்தம். தன் பெயர் நீங்கியதற்கு அத்தாட்சி. அன்று வரையிலான கரண்ட் பில்லையும் கட்டிவிட்டு ரசீதைப் பத்திரப்படுத்தவேண்டும்.

"பாதியில் விட்டுப் போனால் மிச்சம் இருக்கிறவன் கஷ்டப்படுவானே" என்பார்கள். நியாயமான கேள்விதான். அதனால்தான் சொல்லாமல் போகாதே, சொல்லிவிட்டு, மாற்று ஆள் தேடிக் கொடுத்துவிட்டுப் போ என்கிறேன். ஒழுங்காக இருக்கும் இன்னொரு பிள்ளையும் அந்த வீட்டில் இருக்கலாம்.

பேரன் பேத்தி அடுத்த முறை ஊருக்கு வரும்போது, சாப்பாடு எப்படி என்று கேட்டபின், ஒப்பந்தத்தில் யார் யார் கையெழுத்து என்றும் கேளுங்கள். சகிக்க முடியவில்லை என்று பிள்ளை சொன்னால் முதல் மாதமே நம்புங்கள். ஏழாவது மாதத்தில் நம்பினால் பாக்கியும் சேர்த்துக் கட்டவேண்டி வரும்.