கட்டுமரம் என்னும் அச்செழுத்து

நம் சங்கத்தின் அறிவிப்புகளைத் தமிழில் அச்சிட்டு வீடுதோறும் அளித்து வருகின்றோம். வாங்கிய வீடுகளில் அவற்றைப் படிப்போர் எத்துணை பேர்? பள்ளியில் மலையாளம் பயிலும் நம் சிறார், தமிழ் தெரியாமையால் மட்டும் அத்தாளை ஒதுக்குவதில்லை. எழுத்து கண்ணுக்குப் பிடிபடாமையாலும் ஒதுக்குகின்றனர். அண்மையில் ஒரு மணவிழா அழைப்பிதழைக் கையிலெடுத்த சிறுமி ஒருத்தி, ‘மனவிழா’ என்று உரக்க வாசித்தாள். கூடியிருந்தோர் நகைத்தனர். அவள்மீது குற்றமில்லை. தடித்த எழுத்தாகையால் ணகரத்தின் சுழிகள் மையில் மூழ்கி, மூன்று இரண்டாய்த் தோன்றின.

ஆகவே இம்மாதம் அச்செழுத்தைப் பற்றிச் சிறிது கூற விழைகின்றேன்.

ஆங்கில எழுத்துகளில் இருவகை உண்டு. கோட்டின் நுனியில் சிறு கொடுக்குப் போல நீட்டிவிடப்பட்டவை ஒருவகை. நுனி மொட்டையாய் நிற்பவை மற்றொருவகை. பின்னதைச் சான்ஸ் செரிப் என்பர். இவ்வகை எழுத்து புகழ் பெற்றதில் புகைவண்டிக்குப் பெரும் பங்குண்டு என்பது, அத்துறையில் எழுத்தராய் இருக்கும் எனக்கு மகிழ்ச்சியே. எட்வர்டு ஜான்ஸ்டன் என்பார் 1916-இல் இலண்டன் சுரங்க இரயிலுக்கென ஓர் எழுத்தை வரைந்தார். அவரிடம் பயின்ற எரிக் கில் வரைந்த ‘கில் சான்ஸ்’ 1928-இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டே அங்குள்ள பெரிய இரயில் கம்பெனி ஒன்று அதனைத் தன் பலகைகளுக்கும் விளம்பரங்களுக்கும் ஏற்றுக்கொண்டது. மொட்டையாயினும் அது வறண்ட எழுத்தன்று. பண்டை உரோமரின் கல்வெட்டு எழுத்தின் அளவமைதி அதனுள் இருக்கின்றது. அதன் அழகுக்குக் காரணம் அதுவே.

தமிழுக்கு இவ்வெளிமை புறத்தேயிருந்து வந்ததென எண்ணற்க. எழுத்தாணியால் ஓலையில் கீறிய கோடு எங்கும் ஒரே பருமனுடையது. நம் முன்னோர் கண்ட தமிழ் அத்தகையதே. (ஓலை கிழியுமென்று அஞ்சிப் புள்ளியையும் பெரும்பாலும் விட்டுவிட்டனர், படிப்போர் பாடு அவர்களுக்கே தெரியும்!) 1578-இல், நம் இருப்புப்பாதையின் வடபுறத்தே உள்ள கொல்லத்தில், ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் பதினாறு பக்கச் சிறுநூல் தமிழில் அச்சேறிற்று. பின்னாளில் எழுந்த உலோக எழுத்துகளுட் பல, மேனாட்டுப் பேனாவின் போக்கையொட்டி, ஒரு கோட்டைத் தடித்தும் மற்றொன்றை மெலித்தும் காட்டின. அவற்றுக்கும் ஓர் அழகுண்டு. எனினும் சிறிய அளவில், மலிவான தாளில், மெல்லிய கோடு மறைந்துவிடுகின்றது.

இக்காலத்தே கணினிக்கென வரையப்பட்ட தமிழ் எழுத்துருக்களில் என் உள்ளத்தைக் கவர்ந்தது ‘காட்டமரான்’. வரைந்தவர் பிரியா இரவிச்சந்திரன். பெயரைக் கேட்டதும் பூவார், பொழியூர்க் கடற்கரையினர் புன்னகை செய்வர். அது நம் கட்டுமரமேயன்றோ? மரங்களைக் கயிற்றால் பிணைப்பதன்றி வேறொன்றும் வேண்டாத அக்கலத்தின் பெயர், வேண்டாதது எதுவுமில்லாத எழுத்துக்குச் சாலப் பொருந்துகின்றது. தமிழும் உரோம எழுத்தும் இதில் ஒருசேர வரையப்பட்டுள்ளன. ஆதலின் ஊர்ப்பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே வரியில் அமைத்தால் ஒன்று நெட்டையாகவும் மற்றொன்று குட்டையாகவும் நின்று சண்டையிடுவதில்லை.

நம் சிறார்க்கு இதனால் என்ன பயன்? மலையாள எழுத்து வளைந்து வளைந்து செல்வது. தமிழிலோ டகரமும் பகரமும் நேர்கோடும் மூலையுமாய் நிற்பன. அருகிலேயே ணகரமும் ஐகாரமும் சுழல்வன. அந்த வேறுபாடு தெளிவாய்த் தெரிந்தால் குழந்தை எழுத்தை எளிதில் இனங்காணும். ரகரத்தையும் கால் குறியையும் பிரித்துக் காட்டுவது அடியிலுள்ள ஒரு சிறு சாய்கோடு. அது மழுங்கினால் சொல்லே தடுமாறும். கோடு ஒரே சீராய் அமைந்த எழுத்தில் இச்சிறு குறிகள் பிழைத்துக்கொள்கின்றன. 1978-க்கு முன் படித்த முதியோர் மட்டும் ‘லை’ எழுத்தின் பழைய தும்பிக்கையைத் தேடக்கூடும்.

ஒன்று சொல்லியாக வேண்டும். இவ்வெழுத்துக்கு மெலிந்ததிலிருந்து மிகத் தடித்தது வரை ஒன்பது பருமன்கள் உள. அச்சகத்தார்க்குத் தடித்ததன்மேல் தனிக் காதல்! எழுத்து எத்துணை நன்றாய் வரையப்பட்டிருப்பினும், மிகத் தடித்த பருமனைச் சிறிய அளவில் அச்சிட்டால் சுழியின் உள்வெளி சுருங்கவே செய்யும். மணம் மீண்டும் மனமாகும். தடிப்பைத் தலைப்புக்கு மட்டும் வைத்துக்கொண்டு, செய்திக்கு நடுத்தரப் பருமனே கொள்ளல் வேண்டும். நீண்ட கதையை இவ்வெழுத்தில் அமைக்க நான் சொல்லமாட்டேன். பக்கம் பக்கமாய்ப் படிக்கப் பழைய தடிப்பு மெலிவு எழுத்தே இதமாயிருக்கின்றது.

இதற்கு விலையில்லை. திறந்த உரிமத்தின்கீழ் வெளியிடப்பட்டமையால் யாவரும் இறக்கிக்கொண்டு அச்சிடலாம். எழுத்துருவைத் தனியே விலைக்கு விற்றல் மட்டும் கூடாது. அடுத்த இதழின் அறிவிப்புப் பக்கத்தை இவ்வெழுத்தில் இருவேறு அளவுகளில் அமைத்துத் தருமாறு ஆசிரியரை வேண்டியுள்ளேன். அன்பர்கள் அதனை வீட்டிலுள்ள பாட்டியிடமும் பேரப்பிள்ளையிடமும் கொடுத்து, கண்ணாடியின்றி, எழுத்துக் கூட்டாமல் வாசிக்கக் கூடிய அளவு எதுவென்று எழுதியனுப்புக.