காவலையும் காத்தல் வேண்டும்

கணினி நினைவகத்திலே, அண்டக்கதிரின் தாக்கத்தால், 0 ஆயிருந்த ஓரிலக்கம் 1 ஆகிவிடுதல் உண்டு. 1950 இல் ஹமிங் வெளியிட்ட முறையின் வழிவந்த ஏற்பாட்டில், 64 பிட் தரவுக்கு 8 பிட் காவலாய் நிற்கும். அது ஒரு பிழையைத் திருத்தும். இரண்டு சேர்ந்தால் திருத்தமாட்டாது. ஆதலின், இரண்டாவது சேருமுன் முதலாவதைத் தேடித் துடைத்தல் வேண்டும்.

அத்துடைப்பின் வேகத்தை விதிக்கும் இயக்கி நிரல்கள் லினக்ஸ் கேர்னலில் உள. அந்நிரலே பிழைபட்டால்? துடைப்பு நின்றபின்னும் நடப்பதாகவே அறிக்கை வரலாம். பிற நிரல்களின் பிழை பெரும்பாலும் தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். காவலனின் பிழையோ மௌனமாயிருக்கும்.

எனவே, நிரல் இயங்குவதை மாத்திரம் கண்டு ஒப்பமிடுதல் தகாது. வேண்டுமென்றே பிழையைப் புகுத்தி, அது அகப்படக் கண்ட பின்னரே மீளாய்வாளர் தம் பெயரைப் பொறித்தல் வேண்டும். இத்துறை புகும் நம் மாணவர், எழுதுவதில் மாத்திரமன்றிப் பிறர் எழுதியதைப் பொறுமையுடன் வாசிப்பதிலும் பெருமை கொள்வாராக.