டிராகனை மறைய வைக்காதீர்கள்!

ரோல் பிளேயிங் கேம் நடத்தும் எல்லோருக்கும் ஒரு நாள் இந்தப் பிரச்னை வரும். நாம் கொஞ்சமும் எதிர்பார்க்காத ஒரு வழியை ஆட்டக்காரர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். வாரக்கணக்கில் யோசித்து வைத்த கதை பத்தே நிமிடத்தில் கவிழ்ந்துவிடும். உடனே "அதெல்லாம் முடியாது" என்று தடுத்துவிடுவதுதான் பலருடைய வழக்கம். இது ஆட்டத்தையே கெடுத்துவிடும் என்பது என் கருத்து.

இந்த விளையாட்டுக்குப் புதியவர்களுக்காக ஒரு சிறிய விளக்கம். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் உருவாக்கிய 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974-ல் வெளிவந்தது. இதில் ஒருவர் கதையை நடத்துவார். அவர்தான் டன்ஜன் மாஸ்டர். மற்றவர்கள் வீரன், மந்திரவாதி, திருடன் என்று ஆளுக்கொரு கேரக்டரை எடுத்துக்கொள்வார்கள். பின்னால் வந்த கம்ப்யூட்டர் ரோல் பிளேயிங் கேம்கள் பலவற்றுக்கும் இதுதான் மூலம். ஆன்லைன் கேம்களில் டன்ஜன் மாஸ்டரின் இடத்தில் கேம் நிறுவனம் இருக்கிறது.

அப்படி ஒரு நிறுவனம் மாட்டிக்கொண்ட கதையைப் பாருங்கள். 1999-ல் வந்த 'எவர்குவெஸ்ட்' கேமில் கெராஃபிர்ம் என்ற டிராகன் உறங்கிக்கொண்டிருக்கும். அதைக் காவல் காக்கும் நான்கு டிராகன்களையும் கொன்றால் அது விழித்துக்கொள்ளும். பிறகு எதிர்ப்பட்டவர்களை எல்லாம் கொன்றுவிட்டு நிரந்தரமாக மறைந்துவிடும். ஒவ்வொரு சர்வரிலும் இது ஒரே ஒரு முறைதான் நடக்கும். இந்த டிராகனை யாராலும் கொல்ல முடியாது என்ற எண்ணத்தில்தான் வடிவமைத்திருந்தார்கள்.

2003 நவம்பரில் ராலோஸ் ஸெக் என்ற சர்வரில் மூன்று கில்டுகளைச் சேர்ந்த சுமார் 200 பேர் ஒன்றுசேர்ந்து அதைத் தாக்கினார்கள். செத்து விழுந்தவர்களை கிளெரிக்குகள் விடாமல் உயிர்ப்பித்துக்கொண்டே இருந்தார்கள். டிராகனின் பலம் நான்கில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்துவிட்ட நேரத்தில், கேமை நடத்திய சோனி ஆன்லைன் நிறுவனம் குறுக்கிட்டு டிராகனை மறைய வைத்துவிட்டது. ஆட்டக்காரர்கள் கொதித்துப்போனார்கள். நிறுவனம் மன்னிப்புக் கேட்டு மறுபடியும் வாய்ப்புக் கொடுத்தது. இரண்டு நாள் கழித்து, மணிக்கணக்கில் போராடி டிராகனைக் கொன்றார்கள். பரிசாக எந்தப் பொருளும் கிடைக்கவில்லை. ஆனாலும் இத்தனை வருடங்களுக்குப் பிறகும் அந்தச் சண்டையைப் பற்றிப் பேசுகிறார்கள். நிறுவனம் முதலில் எடுத்த முடிவிலேயே நின்றிருந்தால் கோபம்தான் மிஞ்சியிருக்கும்.

அப்படியானால் எதையும் தடுக்கவே கூடாதா? அப்படியும் இல்லை. 2005 செப்டம்பரில் 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' கேமில் நடந்ததைப் பாருங்கள். ஹக்கார் என்ற எதிரி பரப்பும் ரத்த நோய் அவன் இருக்கும் பகுதிக்குள் மட்டும் இருக்க வேண்டியது. ஆட்டக்காரர்கள் வைத்திருந்த பெட் மிருகங்கள் வழியாக அது நகரங்களுக்கு வந்துவிட்டது. சிலர் வேண்டுமென்றே பரப்பினார்கள். அப்போதுதான் ஆட ஆரம்பித்தவர்களின் கேரக்டர்கள் நகரத்துக்குள் வந்ததுமே செத்து விழுந்தன. பிளிஸார்ட் நிறுவனம் சர்வர்களை ரீசெட் செய்து, கேமிலும் மாற்றம் செய்ய வேண்டியதாயிற்று. தொற்றுநோய் ஆராய்ச்சியாளர்கள் 2007-ல் மருத்துவ இதழில் எழுதும் அளவுக்கு இது சுவாரசியமான விஷயம்தான். ஆனாலும் மற்றவர்களை ஆடவே விடாமல் செய்ததால் தடுத்தது சரியே.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் புரிகிறதா? முதல் சம்பவத்தில் அடிபட்டது கேமை உருவாக்கியவரின் திட்டம். இரண்டாவதில் அடிபட்டது சக ஆட்டக்காரர். நம் திட்டம் கெட்டால் பொறுத்துக்கொள்ளலாம். பக்கத்தில் இருப்பவரின் ஆட்டம் கெட்டால் தலையிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வீட்டுப் பிள்ளைகளுக்கு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நடத்துகிறேன். ஒரு கோட்டைக் கதவின் சாவி சூனியக்காரியிடம் இருப்பதாக வைத்திருந்தேன். அவளைத் தேடிப்போவதற்கே இரண்டு வாரம் ஆகும் என்பது என் கணக்கு. என் அண்ணன் மகள் கேட்டாள்: "சித்தப்பா, கதவோட கீல் எந்தப் பக்கம் இருக்கு?" கதவு வெளிப்பக்கமாகத் திறக்கும் என்று ஏற்கனவே சொல்லியிருந்தேன். எனவே கீலும் வெளியில்தான் இருக்க வேண்டும். ஆணியைத் தட்டி எடுத்துக் கதவையே கழற்றிவிட்டார்கள்! நான் சம்மதித்தேன். ஆனால் தட்டிய சத்தம் உள்ளே கேட்காமலா இருக்கும்? காவலர்கள் வந்துவிட்டார்கள். சூனியக்காரியும் வீணாகவில்லை. அடுத்த வாரம் அவளே இவர்களைத் தேடி வந்தாள்.

நீங்களும் நடத்துவதாக இருந்தால் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, நீங்கள் ஏற்கனவே சொன்னதை வைத்து அவர்கள் கண்டுபிடித்திருந்தால் அதைச் செல்லாது என்று சொல்லாதீர்கள். இரண்டு, தடுப்பதற்குப் பதிலாக விளைவைக் கொடுங்கள். மூன்று, விதியில் ஓட்டை இருந்தால் அடுத்த ஆட்டத்திலிருந்து மாற்றப்போவதாக எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிடுங்கள். நடுவில் ரகசியமாக மாற்றினால் பிறகு உங்களை யாரும் நம்ப மாட்டார்கள்.

ஆரம்பிப்பதற்குச் செலவு அதிகம் இல்லை. இந்த கேமின் அடிப்படை விதிகள் 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிடப்பட்டன. இலவசமாகவே டவுன்லோடு செய்துகொள்ளலாம். கதையைப் பாதி மட்டும் தயார் செய்யுங்கள். மீதிப் பாதியைப் பிள்ளைகள் கண்டுபிடித்துக்கொள்வார்கள்.