பாஸ்வேர்டுகளை எங்கே வைத்தால் பத்திரம்? லாஸ்ட்பாஸ் ஹேக்கிங் சொல்லும் பாடம்

ஜிமெயில், நெட் பேங்கிங், ஐஆர்சிடிசி, இன்ஸ்டாகிராம் என எல்லாத்துக்கும் ஒரு பாஸ்வேர்டு. ஞாபகம் இருக்காது என்பதால் சிலர் வாட்ஸ்அப்பில் தங்களுக்கே மெசேஜ் அனுப்பி வைக்கிறார்கள். சிலர் எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டு போடுகிறார்கள். ரெண்டுமே ஆபத்துதான். அப்படியென்றால், இதற்கென்றே இருக்கும் பாஸ்வேர்டு மேனேஜர் செயலிகளை நம்பலாமா? லாஸ்ட்பாஸ் நிறுவனத்தில் 2022ல் நடந்ததைப் பார்த்தால் பதில் கிடைக்கும்.

என்ன நடந்தது?

அந்த ஆண்டு ஆகஸ்ட் மாதம், சாஃப்ட்வேர் உருவாக்கும் பிரிவுக்குள் ஹேக்கர் நுழைந்ததாக லாஸ்ட்பாஸ் அறிவித்தது. விவகாரம் அதோடு முடியவில்லை. மூத்த பொறியாளர் ஒருவரின் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்த மீடியா சாஃப்ட்வேரின் ஓட்டை வழியாக ஹேக்கர் உள்ளே புகுந்தார். பொறியாளர் டைப் செய்த மாஸ்டர் பாஸ்வேர்டையே பதிவு செய்து எடுத்துக்கொண்டார். வாடிக்கையாளர்களின் பாஸ்வேர்டு பெட்டகங்கள் நகலெடுக்கப்பட்டதை, டிசம்பர் 22ஆம் தேதி நிறுவனம் ஒப்புக்கொண்டது.

பெட்டகம் போனால் பாஸ்வேர்டும் போச்சா?

உடனே போகாது. உள்ளே இருக்கும் பாஸ்வேர்டுகள் என்கிரிப்ட் செய்யப்பட்டவை. திறக்கும் சாவியான மாஸ்டர் பாஸ்வேர்டு நிறுவனத்திடமே கிடையாது.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பேங்க் வெப்சைட்டில் சில முறை தப்பாகப் போட்டால் அக்கவுண்ட் லாக் ஆகிவிடும். திருடிய நகலில் அந்தத் தடை இல்லை. எத்தனை கோடி முறை வேண்டுமானாலும் முயற்சி செய்து பார்க்கலாம். மாஸ்டர் பாஸ்வேர்டு பலவீனமாக இருந்தால், என்றைக்காவது ஒருநாள் திறந்துவிடும். அதன்பிறகு மாஸ்டர் பாஸ்வேர்டை மாற்றினாலும், ஏற்கெனவே போன நகலைப் பழைய சாவியே திறக்கும். உள்ளே இருக்கும் ஒவ்வொரு அக்கவுண்டின் பாஸ்வேர்டையும் மாற்றுவதுதான் வழி.

அப்போ என்ன செய்யலாம்?

* பாஸ்வேர்டு மேனேஜரைத் தூக்கிப்போட வேண்டாம். ஒரே பாஸ்வேர்டை எல்லா இடத்திலும் போடுவதைவிட அது பல மடங்கு மேல்.

* மாஸ்டர் பாஸ்வேர்டு நீளமாக இருக்கட்டும். சம்பந்தமே இல்லாத நான்கைந்து சொற்களைச் சேர்க்கலாம். பிள்ளைகள் பெயர், பிறந்த தேதி வேண்டாம். வேறு எங்கேயும் அதைப் பயன்படுத்தக் கூடாது.

* முதலில் காக்க வேண்டியது இமெயில். 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்று அழுத்தினால், மற்ற அக்கவுண்டுகளின் சாவி பெரும்பாலும் அங்கேதான் வந்து விழும். இமெயிலுக்கும் பாஸ்வேர்டு மேனேஜருக்கும் இரண்டு கட்டச் சரிபார்ப்பு கட்டாயம்.

* நோட்டில் எழுதி வைக்கலாமா? வீட்டு பீரோவில் பூட்டி வைத்த நோட்டை எங்கேயோ உட்கார்ந்திருக்கும் ஹேக்கரால் தொட முடியாது. அது இருக்கும் இடம் வீட்டில் நம்பகமான ஒருவருக்குத் தெரிந்தால் போதும். அதை போட்டோ எடுத்து போனில் வைத்தால் பீரோவில் பூட்டியதற்கே அர்த்தமில்லை.

லாஸ்ட்பாஸில் நீளமான மாஸ்டர் பாஸ்வேர்டு வைத்திருந்தவர்களின் பெட்டகமும் திருடுதான் போனது. ஆனால், அதைத் திறப்பது லேசான வேலை இல்லை.