கோயில் மணியும் குறுஞ்செய்தியும்

பங்கில் ஒருவர் இறைவனடி சேர்ந்தால் கோயில்பிள்ளை துக்க மணி அடிப்பார். வயலில் நிற்பவரும் வலை பின்னுபவரும் கைவேலையை நிறுத்திச் சிலுவை அடையாளம் வரைந்துகொள்வர். இறந்தவர் யார், அடக்கம் எப்போது என்பதை மணி சொல்லாது. கேட்டறிய ஆள் போக வேண்டும். இன்று பல பங்குகளில் அவ்விவரம் குறுஞ்செய்தியாகக் கைப்பேசிக்கே வந்துவிடுகிறது. பிழைப்புத் தேடிச் சென்னைக்கும் திருப்பூருக்கும் சென்ற பிள்ளைகளையும் அது உடனே எட்டுகிறது. இதனை நாம் வரவேற்கிறோம். 1992 டிசம்பர் 3-ஆம் நாள் இங்கிலாந்தில் அனுப்பப்பட்ட முதல் குறுஞ்செய்தியே ஒரு கிறிஸ்மஸ் வாழ்த்துதான்!

வாட்ஸ்அப் குழு இருக்கும்போது இது எதற்கு என்று இளைஞர் கேட்கக்கூடும். குறுஞ்செய்திக்கு இணையம் வேண்டியதில்லை. பாட்டியின் பொத்தான் கைப்பேசியே போதும். மேலும், காலை வணக்கப் படங்களின் குவியலுக்கு அடியில் அடக்கச் செய்தி புதைந்துபோகும் அவலமும் இதில் இல்லை.

ஆயின், எழுதுவோர் அறிய வேண்டிய கணக்கு ஒன்றுண்டு. ஆங்கில எழுத்தானால் ஒரு செய்தியில் 160 கொள்ளும். தமிழானால் 70 மட்டுமே. அதிலும் கொம்பு, கால், புள்ளி முதலிய குறிகள் தனித்தனியே எண்ணப்படும். ‘திருப்பலி’ நம் கண்ணுக்கு ஐந்தெழுத்து, கருவிக்கோ ஒன்பது. ‘இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!’ என்று வழக்கம்போல் தொடங்கினால் 31 இடம் போய்விடும். எழுபதைத் தாண்டினால் ஒன்று இரண்டாகக் கணக்கிடப்பட்டுக் கட்டணமும் கூடும். இதற்கு அஞ்சிச் சில பங்குகளில் தமிழையே ஆங்கில எழுத்தில் எழுதி அனுப்புகின்றனர். இது தகாது. ஞாயிறுதோறும் முதல் வரிசையில் அமரும் முதியோர் பலர் அவ்வெழுத்தை அறியார். எவருக்காக அனுப்புகிறோமோ அவரே பேரனைத் தேட வேண்டியதாகும். ‘நாளை காலை 6 மணித் திருப்பலி இல்லை. மாலை 5.30க்கு உண்டு.’ இது எழுபதுக்குள் நன்றாய் அடங்குகிறதன்றோ? வாழ்த்தைக் கோயில் வாசலில் நேரில் கூறிக்கொள்ளலாம்.

ஒரே செய்தியை வணிக நிறுவனம் வழியாகப் பலருக்கும் அனுப்ப, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2018-இல் வகுத்த விதிகளின்படி, அனுப்புவோர் பெயரையும் செய்தியின் வார்ப்பையும் முன்கூட்டியே பதிவு செய்தல் வேண்டும். துக்கம் நேர்ந்த இரவில் இதற்கு ஓட முடியாது. பெயரும் நேரமும் மட்டும் நிரப்பத்தக்க அடக்க அறிவிப்பு ஒன்றை இப்போதே பதிந்து வைப்பது அறிவுடைமை.

எதை அனுப்பலாகாது என்பதே கடினமான பகுதி. கோயில் வரி பாக்கியைப் பெயர் சொல்லி ஊருக்கெல்லாம் அனுப்புவது ஒருவரைச் சந்தியில் நிறுத்துவதாகும். நோயாளருக்காகச் செபிக்கக் கேட்பது நன்று. ஆனால் அவருடைய நோயின் பெயரை, அவர் இசைவின்றி, ஐந்நூறு கைப்பேசிகளில் ஏற்ற நமக்கு உரிமை ஏது? திருமணத்துக்குக் காத்திருக்கும் மகள் அவ்வீட்டில் இருக்கக்கூடும்.

மக்களும் ஒன்றை மனத்தில் கொள்வது நலம். நோயில் பூசுதலுக்காகப் பங்குத்தந்தையை அழைக்கும்போது குறுஞ்செய்தி போட்டுவிட்டு அமர்ந்துவிடாதீர்கள். ‘சேர்ந்தது’ என்று கருவி காட்டினால் அது அவருடைய கைப்பேசிக்குச் சேர்ந்ததென்றே பொருள். அவர் உறங்கிக்கொண்டிருக்கலாம், பீடத்தில் நின்றுகொண்டிருக்கலாம். பேசி அழையுங்கள், எடுக்காவிடில் ஆளை அனுப்புங்கள். பாவசங்கீர்த்தனத்தைச் செய்தியில் முடித்துக்கொள்ளலாமா என்று கேட்போருக்கும் விடை புதிதன்று. தொலைவிலுள்ள குருவிடம் கடிதத்தில் அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறலாம் என்ற கருத்தைத் திருத்தந்தை எட்டாம் கிளமெந்து 1602-லேயே விலக்கிவிட்டார். இணையத்தில் அருட்சாதனங்கள் இல்லை என்று திருப்பீடம் 2002-இலும் தெளிவுபடுத்திற்று.

கைப்பேசியே இல்லாத வீடுகளும் பங்கில் உண்டு. அவற்றின் பட்டியல் அந்தந்த அன்பியப் பொறுப்பாளர் கையில் இருக்கட்டும்; செய்தி புறப்பட்ட உடனே அவர் அவ்வீடுகளுக்கு நடக்கட்டும். துக்க மணியையும் நிறுத்த வேண்டாம். பங்குத்தந்தை வீடு மந்திரிக்க வரும்போது எண்களையும் சரிபார்த்துக்கொள்ளலாம். கைவிடப்பட்ட எண் சில மாதங்களில் வேறொருவருக்குப் போய்விடுகிறது. நம் ஊர் அடக்கச் செய்தி முன்பின் அறியாத ஒருவரை நள்ளிரவில் எழுப்பிக்கொண்டிருக்கும்.