தையலுக்கு உள்ளே

வயிற்றைத் திறந்து செய்த ரண சிகிச்சை சுபமாக முடிந்து, தையல் பிரிக்கப்பட்டு, மேல்தோலின் தழும்பும் வெளுத்து மங்கிப்போன பிறகும், உள்ளே குடலும் கர்ப்பப்பையும் மூத்திரப்பையும் ஒன்றோடொன்று நார் பிடித்தாற்போல ஒட்டிக் கிடக்கக்கூடும் என்பதை, ஆபரேஷனுக்கு முன் கையெழுத்து வாங்கும் வேளையில் நோயாளியிடம் விஸ்தாரமாக எடுத்துச் சொல்லும் வழக்கம் நம் ஆஸ்பத்திரிகளில் இன்னும் வேரூன்றவில்லை. வைத்தியர்கள் அட்ஹீஷன் என்று குறிப்பிடும் இந்த உள்தழும்பு, அதாவது ஒட்டு, வயிறு திறக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு உண்டாகிறது. அவர்களில் அநேகர் அதை அறியாமலே ஆயுளைக் கழித்துவிடுகிறார்கள் என்பது வாஸ்தவமே. ஆனால் ஸ்காட்லாந்தில் ரண சிகிச்சை பெற்றவர்களைப் பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்து 1999-ல் வெளியான ஆராய்ச்சி, ஏறக்குறைய மூவரில் ஒருவர், ஒட்டினால் நேர்ந்த அல்லது நேர்ந்திருக்கக்கூடிய கோளாறுக்காகவோ, ஒட்டினால் சிக்கலாகக்கூடிய மறு ஆபரேஷனுக்காகவோ, சராசரியாக இரண்டு தடவை மீண்டும் ஆஸ்பத்திரிக்கு வந்ததாகக் கண்டது.

குடல்களைப் போர்த்தியிருக்கும் பெரிடோனியம் என்னும் மெல்லிய சவ்வு சிராய்ந்த சில மணி நேரத்துக்குள் அங்கே ஃபைப்ரின் என்ற பசை கசிகிறது. ரத்த ஓட்டம் செவ்வனே இருக்குமானால் சரீரமே அந்தப் பசையைச் சில தினங்களில் கரைத்துவிட, ஒரு வாரத்துக்குள் சவ்வும் புதிதாக வளர்ந்துவிடுகிறது. மாறாக, விளக்கொளியின் சூட்டில் திசு உலர்ந்தாலும், கிடுக்கியில் நசுங்கினாலும், இறுக்கித் தைத்ததனால் ரத்தமின்றி வாடினாலும், அந்தக் கரைக்கும் சக்தி குன்றி, எஞ்சிய பசைக்குள் நார் நெய்யும் அணுக்கள் புகுந்து நிரந்தரமான கயிறாக்கிவிடுகின்றன. சவ்வின் ஓரங்களை இழுத்துத் தைப்பதைக் காட்டிலும் தைக்காமல் விடுவதே ஒட்டைக் குறைக்கும் என்று இங்கிலாந்தின் ரண வைத்தியர் ஹெரால்டு எல்லிஸ் 1960-களிலேயே பரிசோதனையில் காட்டினார். கையுறை எளிதில் ஏறுவதற்காகத் தூவிய மாவுத் தூளும் ஒட்டுக்குக் காரணம் என்பது நெடுங்காலமாகத் தெரிந்திருந்தும், அமெரிக்கா தூளிட்ட கையுறையைத் தடை செய்தது 2017-ல்தான். இத்தனை சாமானிய விஷயத்துக்கு இத்தனை தாமதம்!

ஆகையால் தடுப்பின் பெரும்பகுதி மருந்துக் கடையில் இல்லை. ரண வைத்தியரின் கையில் இருக்கிறது. திசுவை ஈரமாக வைத்திருப்பது, மிருதுவாகத் தொடுவது, ரத்தக் கசிவை நிறுத்துவது, கூடுமானவிடத்துச் சிறு துளை வழியாக ஆபரேஷன் செய்வது ஆகியவையே அதன் சாரம். உறுப்புகளின் நடுவே விரிக்கும் கரையும் தகடுகளும், வயிற்றுக்குள் விடும் ஐக்கோடெக்ஸ்ட்ரின் திரவமும் ஒட்டை ஓரளவு குறைக்கின்றன என்றாலும், குடலை இணைத்துத் தைத்த இடத்தைச் சுற்றித் தகட்டைப் போர்த்தியபோது கசிவு அதிகமானதாகப் பெரியதொரு பரிசோதனையில் தெரிந்தமையால், அவற்றைச் சர்வரோக நிவாரணியாக எண்ணலாகாது.

ஆயினும் திறக்கப்படாத வயிற்றில் இந்த ஒட்டு பெரும்பாலும் வருவதில்லை. 2019–21-ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பிரசவங்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 45 சிசேரியன். தனியார் ஆஸ்பத்திரிகளில் 64-ஐ நெருங்குகிறது. தாயையோ சிசுவையோ காக்க அவசியமானதை எவரும் ஆட்சேபியார். ஆனால் நல்ல நாள், நல்ல நேரம் பார்த்துக் கீறிக்கொள்ளும் குடும்பத்தினர், அடுத்த பிரசவத்தில் கர்ப்பப்பையோடு ஒட்டிப்போன மூத்திரப்பையை இழை இழையாகப் பிரித்த பிறகே குழந்தையை எடுக்க நேரலாம் என்பதை எந்தப் பஞ்சாங்கத்தில் பார்ப்பார்கள்? அதைச் சொல்லவேண்டிய கடமை வைத்தியருடையது. சம்மதப் பத்திரத்தில் அதற்கென ஒரு வரி இருக்கவேண்டும். வயிற்றுக்குள் கண்டதை எழுதிய ஆபரேஷன் குறிப்பையும் வீடு திரும்புகிறவரிடம் தந்தனுப்பவேண்டும்.

ஒட்டு ஸ்கேனில் பெரும்பாலும் தென்படாது. குடலை முறுக்கி அடைத்த பிறகே தன்னைக் காட்டிக்கொள்ளும். வயிற்றில் பழைய தழும்புள்ளவருக்கு விட்டுவிட்டுச் சுருட்டிப் பிடிக்கும் வலியும், வாந்தியும், வயிற்று உப்புசமும் கண்டு, காற்றும் பிரியாது நின்றுவிட்டால், வாயுத் தொல்லை என்று தீர்மானித்து விளக்கெண்ணெய் கொடுத்துக் காலைவரை காத்திருப்பது விபரீதம். அன்றிரவே அவரை ரண வைத்தியர் உள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், பழைய ஆபரேஷனைப் பற்றி முதலில் சொல்லவேண்டும்.